பனிக்கு ஒரு திட்டம்

அரக்கோணத்துக்காரனுக்கு ரயில் புதிதல்ல. இரவெல்லாம் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்குகிறோம். ஏறிப் போவதுதான் அபூர்வம்! பனியில் சறுக்கி விளையாடக் காஷ்மீரத்துக் குல்மார்க் வரை போக வேண்டும். அதற்கு என் முழங்காலும் பணப்பையும் சம்மதிக்கவில்லை. உதகமண்டலத்து உறைபனியையாவது மனைவிக்குக் காட்டிவிடுவது என்று தீர்மானித்தேன்.

திட்டத்தை நானே போட்டேன். ஜனவரியில் ஒரு நாள் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்தால் மேட்டுப்பாளையம். காலை 7.10க்கு மலை ரயில். கல்லாற்றுக்கு மேல், நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் ஏறும். 46 கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்! அன்றே இறங்கி இரவு ரயிலைப் பிடித்துவிட்டால் விடுதிச் செலவும் மிச்சம்.

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

“ஏங்க, மேலே போய்ச் சேரவே மத்தியானம் ஆயிடுமே! அதுவரைக்கும் பனி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?”

நான் வாயடைத்துப் போனேன். மேகமும் காற்றும் இல்லாத இரவில், தரை குளிர்ந்து, தாழ்ந்த புல்வெளிகளில் படிவது உறைபனி. வெயில் ஏறினால் மறைந்துவிடும். நான் மிச்சம் பிடிக்கப் பார்த்த அந்த ஓர் இரவில்தான் பயணம் முழுவதும் இருந்தது!

இரண்டு இரவுகளைச் சேர்த்தேன். ரயிலில் இடத்தை முன்பதிவு செய்யலாம். பனியைச் செய்ய முடியுமா?

“இரண்டு நாளும் பனி விழாவிட்டால்?” என்றேன்.

“நிம்மதியாத் தூங்கிட்டு வருவோம். அங்கே ராத்திரியிலே வண்டிச் சத்தம் இருக்காதே!”