கனம் பிடிக்காது, கட்டுதான் பிடிக்கும்

"இருபது டன் சாமான் காக்கா, இது எங்கே நகரப்போவுது?"

ட்ரெய்லர் வேலைக்குப் புதிதாக வரும் எங்கள் புதுமடத்துப் பையன்கள் எல்லாரும் இதைக் கேட்டுவிடுவார்கள். கேள்வியில் தப்பில்லை. தரையில் நிற்கும் ஹிட்டாச்சியை ஊரே சேர்ந்து தள்ளினாலும் அசையாது. ட்ரெய்லர் மேல் ஏறி வண்டி கிளம்பிவிட்டால் கதை வேறு. பிரேக் நிறுத்துவது வண்டியைத்தான். மேலே இருக்கும் மெஷின் வந்த வேகத்திலேயே போகப் பார்க்கும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். அவசர பிரேக்கில் சரக்கு முன்னால் தள்ளும் விசையை அதன் எடையில் 80 சதவீதமாகவும், வளைவில் பக்கவாட்டில் தள்ளுவதைப் பாதியாகவும் ஐரோப்பிய விதிகள் எடுத்துக்கொள்கின்றன. 20 டன் மெஷினுக்கு முன்தள்ளல் 16 டன். இரும்புத் தளத்தில் இரும்பு ட்ராக் உட்கார்ந்தால், உராய்வு பிடிப்பது எடையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 டன். மீதி 12 டன்னை யார் பிடிப்பது? மெஷின் கனமாக இருந்தால் உராய்வு கூடும், வாஸ்தவம். தள்ளலும் அதே அளவில் கூடும். ஆகவே கனத்தை நம்பிக் கட்டாமல் போவதில் எந்த லாபமும் இல்லை.

எங்கள் பக்கத்தில் இன்னொரு எதிரி மணல். மன்னார் வளைகுடாக் கரையில் வேலை பார்த்த மெஷின் ட்ராக் இடுக்கெல்லாம் மணலை அள்ளிக்கொண்டுதான் வரும். அது தளத்தில் உதிர்ந்தால் மெஷினுக்கு அடியில் உருளும்; இருக்கிற கொஞ்ச உராய்வும் போய்விடும். அதனால் ஏற்றுவதற்கு முன் மண்வெட்டியும் துடைப்பமும்தான் முதல் ஆயுதம். தளத்தைக் கூட்டி, கிரீஸ் கறை இருந்தால் துடைத்து, முரட்டு ரப்பர் விரிப்பைப் போடுவேன். இதற்கென்றே செய்த நல்ல விரிப்பு உராய்வை மூன்று மடங்கு வரை கூட்டும்.

ட்ரெய்லரை நிறுத்தும் இடமும் மணலாக இருக்கக் கூடாது. மெஷின் ஏறும்போது பாரம் முழுக்கப் பின்சக்கரத்திலும் ராம்ப் காலிலும் இறங்கும். ஒரு பக்கம் புதைந்தால் ராம்ப் சாயும். தார் ரோட்டுக்கு வர முடியாத இடத்தில் ராம்புக்கு அடியில் தடித்த பலகைகளைப் பரப்பாமல் ஏற்றுவதில்லை. சரிவு 15 டிகிரியைத் தாண்டக் கூடாது. பூம் முன்னால், பக்கெட் தாழ, மெதுவான கியரில், நேராக ஏற வேண்டும். ராம்ப் மேல் நின்றுகொண்டு ஸ்டீயரிங் திருத்துவது கூடவே கூடாது. கோணல் தெரிந்தால் இறங்கி மறுபடி ஏறுங்கள், வெட்கமில்லை. சைகை காட்ட ஒரே ஆள். நான்கு பேர் கத்தினால் ஆபரேட்டர் யார் பேச்சைக் கேட்பான்?

ஏறியதும் பக்கெட்டைத் தளத்தில் படிய வைத்து, ஸ்விங் லாக் போட்டு, இன்ஜினை அணைத்த பிறகு லீவர்களை ஒருமுறை அசைத்து ஹைட்ராலிக் அழுத்தத்தை விட வேண்டும். ஜேசிபி என்றால் பின்பூமுக்கும் ஸ்விங்குக்கும் லாக். நடுவில் மடியும் லோடர், ரோலருக்கு இடுப்பில் ஒரு லாக் கம்பி இருக்கும். அதைப் போட மறந்தால், எவ்வளவு கட்டினாலும் மெஷின் நடுவிலிருந்து நெளிந்து சங்கிலியைத் தளர்த்திவிடும்.

இனி சங்கிலி. நான்கு மூலைக்கும் நான்கு. அதற்குக் குறைந்து கிடையாது. பக்கெட்டுக்குத் தனியாக ஒன்று. மெஷின் முன்னால் பாய்வதைத் தடுப்பது பின்பக்கம் இழுத்துக் கட்டும் இரண்டு சங்கிலிகள்தான்; பலர் முன்பக்கத்தை மட்டும் இறுக்கிவிட்டுத் திருப்திப்படுகிறார்கள். 10 மில்லி கிரேடு 80 சங்கிலி ஒன்று கட்டுக்கு 6.3 டன் தாங்கும். தளத்திலிருந்து 30 டிகிரியில் சாய்த்துக் கட்டினால் முன்பின்னாக ஐந்தரை டன் வரை கிடைக்கும். 60 டிகிரியில் செங்குத்தாக நிறுத்தினால் பாதிதான். பின்பக்கம் இரண்டும் சேர்ந்து 11 டன். விரிப்பைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால் நமக்கு வேண்டியது 12. அதனால்தான் ட்ராக்குக்கு முன்னால் மரக்கட்டை வைத்து அடித்து நிறுத்துகிறோம்; இன்னொரு ஜோடி சங்கிலி போட்டால் இன்னும் நல்லது. கொக்கியை மெஷினில் அதற்கென்று வைத்திருக்கும் கண்ணில்தான் மாட்ட வேண்டும். சிலிண்டர் ராடிலோ ஏணிப்படியிலோ மாட்டக் கூடாது. கடற்காற்றில் சங்கிலியும் டர்ன்பக்கிளும் சீக்கிரம் துரு ஏறும். குழி விழுந்த கண்ணி, நீண்டுபோன கொக்கி, வெயிலில் வெளுத்து நார் பிரிந்த பெல்ட், மூன்றையும் அன்றைக்கே ஒதுக்கிவிடுங்கள்.

கிளம்புமுன் உயரத்தை டேப் வைத்து அளக்க வேண்டும். பூமின் முட்டிதான் உச்சி. மின்பாதை ரயில்வே கேட்களில் உயரத் தடுப்பு நிற்கிறது. அதற்கு மேலே மின்கம்பி. கிளம்பிச் சில கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திச் சங்கிலியைத் தட்டிப் பார்ப்பதும் வேலையில் சேர்த்திதான். முதல் குலுக்கலில் எல்லாக் கட்டும் கொஞ்சம் தளரும். தீவுக்குப் போகும் லோடாக இருந்தால், 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் ஏறுமுன் மண்டபத்தில் இன்னொரு முறை பார்ப்பேன். பாலத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். நடுவில் நிறுத்தி இறுக்க இடம் கிடைக்காது.

பக்கத்திலேயே புது ரயில் பாலம். அதன் தூக்கு கர்டர் 72.5 மீட்டர் நீளம், 660 டன். 2024-ல் அதைக் கரையிலிருந்து கடலுக்கு மேல் அதன் இடத்துக்குக் கொண்டுபோக மாதக்கணக்கில் ஆனது. அவ்வளவு பெரிய வேலையில் பொறுமை யாருக்கும் வீண்செலவாகத் தெரியவில்லை. நம் 20 டன்னுக்கு அரை மணி நேரம் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்கிறோம்?

அதிக எடைக்கும், பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதற்கும் 2019 சட்டத் திருத்தம் 20,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. அந்தப் பயத்தில் எல்லாரும் எடையையும் அகலத்தையும் பார்க்கிறார்கள். கட்டையும் அதே கண்ணோடு பாருங்கள். ஏற்றியது ஆபரேட்டர், கட்டியது கிளீனர் என்று பிரித்துப் பேசுவது ரோட்டில் செல்லாது. சாவியைத் திருப்புகிறவன்தான் பொறுப்பு. மெஷின் முதலாளிகளுக்கும் ஒரு சொல்: வாடகை பேசும்போதே கட்டுவதற்கான நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். கட்டி முடியாத வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லும் டிரைவரிடம் கோபப்படாதீர்கள். அடுத்த லோடையும் அவனிடமே கொடுங்கள்.