சூரத்தில் தேடிய ஏழாவது கல்

அம்மா எனக்குக் கல்யாணத்தில் போட்டது ஏழு கல் வைரத்தோடு. நடுவில் ஒரு கல், சுற்றிலும் ஆறு. அப்பாவின் சம்பளத்துக்கு வைரம் எட்டாத சமாசாரம். அம்மா வருஷக்கணக்காகச் சீட்டுக் கட்டி, 1984-ல் வாங்கினாள். "ப்ளூ ஜாகராக்கும்!" என்று வருகிறவர்கள் போகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவாள். 2002-ல் அதை என் காதில் போட்டுவிட்டு, தான் கெம்புத் தோடு போட்டுக்கொண்டாள்.

2004-ல் என் பெண்ணுக்கு எட்டு மாசம். பால் குடித்துக்கொண்டே என் காதைப் பிடித்து இழுப்பாள். (கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களே, அந்தக் குட்டி விரல்களின் பலம் உங்களுக்குத் தெரியாததா!) ஒருநாள் தலை குளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கிறேன், வலது தோட்டில் ஒரு குழி. கல்லைக் காணோம். பாய், தலையணை உறை, குளியலறை ஜலதாரை, கூட்டிய குப்பை எல்லாம் சலித்துப் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை. அம்மாவிடம் சொல்லப் பயம், மாமியாரிடம் சொல்ல அதைவிடப் பயம். யாருக்கும் தெரியாமல் ஒரு பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் ஒரு கல்லைக் கட்டிக்கொடுத்து, வைரத்துக்கு உண்டான பணத்தை வாங்கிக்கொண்டார். ரசீது இல்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அந்தப் பெண்ணுக்கு நிச்சயமாகிவிட்டது. தோடு அவளுக்குத்தான். ஆனால் அந்த ஒரு கல் மட்டும் வரவர மங்கிக்கொண்டே வந்தது. என் தங்கை வீட்டுக்காரருக்கு வேலை குஜராத்தில், சூரத்தில். "அக்கா, உலகத்து வைரத்தில் பத்துக்கு ஒன்பது இங்கேதான் பட்டை தீட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு அதுதான் தொழில். இங்கே கொண்டு வாயேன்" என்றாள். தோட்டைச் சின்னச் சுருக்குப்பையில் போட்டு ரவிக்கைக்குள் தைத்துக்கொண்டு, திருச்சியிலிருந்து சென்னை வந்து, நானும் இவரும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

சாயங்காலம் விஜயவாடாவுக்குச் சற்று முன்னால் ரயில் கிருஷ்ணா நதியைக் கடந்தது. கோல்கொண்டா வைரம் என்கிறோமே, அது கோல்கொண்டாவில் தோண்டியது அல்லவாம். இதே நதிக்கரையில், மேலே கொல்லூர் போன்ற இடங்களில் எடுத்தது. கோல்கொண்டா விற்ற சந்தை. 1720-களில் பிரேசிலில் வைரம் அகப்படும்வரை, உலகத்துக்கே பெரும்பாலும் நம் நாட்டு வைரம்தான் என்று இவர் படித்ததைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குக் கை என்னவோ ரவிக்கை மேலேயே இருந்தது.

மறுநாள் சூரத். தப்தி நதிக்கரை ஊர். காலையில் 'லோச்சோ' என்று கடலை மாவில் வேகவைத்து, எண்ணெயும் மசாலாவும் தூவித் தருகிறார்கள். பேர்தான் ஒரு மாதிரி, ருசி அபாரம். காப்பிக்குத்தான் தவித்துப் போனோம்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைத் தங்கையின் குழந்தைகள் "காகா, காகா" என்று கூப்பிட, நான் ஜன்னல் பக்கம் காக்கையைத் தேடினேன். குஜராத்தியில் காகா என்றால் சித்தப்பாவாம்! நாற்பது வருஷமாக வைரத்தில் இருக்கிறவர். என்னை 'பென்' என்றார், சகோதரி என்று அர்த்தம். அவர் ஹிந்தியில் பேச, தங்கை எனக்குச் சொல்லுவாள்.

முதலில் வராச்சா பக்கம் ஒரு சின்னப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். ஒரு இரும்புச் சக்கரம், அதைச் சுற்றி நான்கு பேர். இதற்குப் பெயர் 'கண்டி'. சக்கரத்தில் எண்ணெயில் குழைத்த வைரத்தூள். வைரத்தைத் தேய்க்க வைரத்தாலேதான் முடியும். கல்லை அழுத்துவதும் தூக்குவதும் லென்ஸில் பார்ப்பதும் மறுபடி அழுத்துவதுமாக, வட்டக் கல் ஒன்றுக்கு 57 பட்டைகள். எனக்கு இது முழுக்கப் புதிதல்ல. திருச்சிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சக்கரம் வைத்துச் செயற்கைக் கல்லுக்குப் பட்டை போட்ட காலத்தை நானே சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். அதே குனிந்த முதுகுகள்தான்.

பிறகு மஹிதர்புரா வைர பஜார். பெரிய கண்ணாடிக் கடைகளை எதிர்பார்த்துப் போனேன். பார்த்தால் குறுகலான தெரு! நிறுத்தி வைத்த ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்துகொண்டு, நாலாக மடித்த வெள்ளைக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, சாமணத்தால் கல்லை எடுத்துப் பார்க்கிறார்கள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி லட்சக்கணக்கில் வியாபாரம். எல்லாம் ஆண்கள். ஊருக்கு வெளியே கஜோத்தில் 2023 டிசம்பரில் திறந்த வைரச் சந்தைக் கட்டடத்தையும் காரில் போய்ப் பார்த்தோம். ஒன்பது கோபுரங்கள், நாலாயிரத்துக்கு மேல் அலுவலகங்கள். பிரம்மாண்டம்தான். இருந்தாலும் என் மனசு அந்தத் தெருவில்தான் இருந்தது.

காகா தன் அறையில் தோட்டை வெள்ளைக் காகிதத்தில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். மேலே எரிந்த விளக்கை அணைத்துவிட்டார். "கடையில் தலைக்கு மேல் விளக்கு போட்டால் கண்ணாடியும் ஜொலிக்கும் பென், பகல் வெளிச்சத்தில் கேளுங்கள்" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பேனா மாதிரி ஒரு கருவியை ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டே வந்தார். பதின்மூன்று கல்லுக்குப் 'பீப்' என்று கத்தியது. அந்த ஒரு கல்லுக்குக் கத்தவில்லை.

"இது வைரமில்லை. அமெரிக்கன் டயமண்ட்."

லென்ஸை என் கையில் கொடுத்துக் காட்டினார். மற்ற கற்களின் பட்டை ஓரங்கள் கத்தி மாதிரி இருந்தன. இதில் ஓரமெல்லாம் மழுங்கி, மேலே கீறல். இருபது வருஷம் போட்டதில் தேய்ந்த தேய்மானம். வைரமாக இருந்தால் தேய்ந்திருக்காது. இவர் என்னைப் பார்த்தார். ரயிலில்கூட நான் முழுசாகச் சொல்லவில்லை. அங்கேதான், மூன்றாம் மனிதர் எதிரில், எல்லாவற்றையும் சொன்னேன். இவர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்போதே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அம்மா போய் மூன்று வருஷமாகிறது. அவளிடம் சொல்ல இனி வழியில்லை.

"மற்றதெல்லாம் ப்ளூ ஜாகர்தானே?" என்று கேட்டேன். காகா சிரித்தார். தென்னாப்பிரிக்காவில் யாகர்ஸ்ஃபோன்டைன் என்று ஒரு சுரங்கம் இருந்ததாம். அங்கே வெளிவந்த நீலம் ஓடிய வெள்ளைக் கல்லுக்கு அந்தப் பெயர். சுரங்கம் 1971-லேயே மூடியாயிற்று, பெயர் மட்டும் நகைக்கடைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. என் கற்கள் லேசான மஞ்சள் சாயல் உள்ளவை, ஆனால் சுத்தமானவை, நன்றாகப் பட்டை தீட்டியவை. "உங்கள் அம்மா ஏமாறவில்லை" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு ஆயிரம் நமஸ்காரம்.

இனி புதுக் கல். நான் இருப்பதிலேயே வெள்ளையான கல்லைக் காட்டச் சொன்னேன். அவர் அதைத் தோட்டுக்குப் பக்கத்தில் வைத்ததும், மற்ற ஆறும் அழுக்காகத் தெரிந்தன! அதிகம் கொடுத்து வாங்கித் தோட்டையே கெடுத்திருப்பேன். வைரத்தின் நிறத்தை ஆங்கிலத்து 'டி' முதல் 'இசட்' வரை எழுத்தால் சொல்கிறார்கள். 'டி' என்றால் நிறமே இல்லாதது. பழைய நகைக்குக் கல் தேடும்போது எழுத்தை விட ஜோடிதான் முக்கியமாம். துளை போட்ட தகடுகளில் சலித்து ஒரே அளவுக் கற்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துப் பார்த்தார். பதினோராவது கல் சேர்ந்தது. பத்து சென்ட். நூறு சென்ட் ஒரு காரட், காரட் என்பது 200 மில்லிகிராம்.

"கால்வாசி விலைகூட ஆகாது, ஆய்வகத்தில் வளர்த்த வைரம் வேண்டுமா?" என்றும் கேட்டார். அதுவும் வைரம்தான், போலி அல்ல. கண்ணுக்கும் லென்ஸுக்கும் வித்தியாசம் தெரியாது, அந்தப் பேனாவும் 'பீப்' என்றுதான் கத்தும். பெரிய இயந்திரம்தான் பிரித்துச் சொல்லும். திருப்பி விற்கப் போனால் மட்டும் விலை வராது. புதுசாக நகை செய்கிறவர்கள் தெரிந்து வாங்கினால் தப்பே இல்லை என்பது என் அபிப்பிராயம். தெரியாமல் அதே விலைக்கு வாங்கக்கூடாது. நான் பழைய ஆறோடு சேரட்டும் என்று மண்ணில் எடுத்த கல்லையே கேட்டேன். அதை இயந்திரத்தில் வைத்துக் காட்டினார். இவ்வளவு சின்னக் கல்லுக்குத் தனியாகச் சான்றிதழ் வாங்குவது வழக்கமில்லையாம். ஆனால் எடை, நிறம், இயற்கைக் கல் என்பது எல்லாம் எழுதி ரசீது கொடுத்தார். இந்தத் தடவை நான் கேட்டுத்தான் வாங்கினேன்.

ஹால்மார்க் முத்திரை இருக்கிறதே என்று நான் சொல்ல, அது தங்கத்துக்கு மட்டும்தான், கல்லைப் பற்றி அது ஒன்றும் பேசாது என்று தலையில் குட்டாத குறையாகச் சொன்னார். ரசீதில் தங்கத்தின் எடை தனி, கல்லின் எடை தனியாக இருக்க வேண்டும்.

பராமரிப்பு விஷயத்திலும் நான் நிறையத் திட்டு வாங்கினேன். தோட்டின் பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு அடையாக ஒட்டியிருந்தது. வைரத்துக்கு எண்ணெய் என்றால் அப்படி ஒரு ஒட்டுதல். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் கழற்றி வைப்பதே நல்லது. சுத்தம் செய்ய வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவம், குழந்தைகளின் மிருதுவான பல் பிரஷ், அவ்வளவுதான். கிண்ணத்தில் வைத்துச் செய்யுங்கள், தொட்டியில் வேண்டாம். கை நழுவினால் என் கதிதான். பின்பக்கம் மூடிக் கட்டிய பழைய நகையை ஊறவைக்கக் கூடாது, உள்ளே தண்ணீர் இறங்கிக் கல் மங்கும். பிளீச்சிங் கலந்த தண்ணீர் பக்கமே போகக் கூடாது, கல்லுக்கு ஒன்றுமில்லை, தங்கத்தைத் தின்னும். எல்லா நகையையும் ஒரே டப்பாவில் போட்டால் வைரம் மற்றதைக் கீறும், வைரத்தை வைரமும் கீறும். சுத்தியால் அடித்தாலும் உடையாது என்பது சும்மா பேச்சு. கிரானைட் மேடையில் விழுந்து ஓரம் பெயர்ந்த கல் ஒன்றைக் காகாவே எடுத்துக் காட்டினார்.

எல்லாவற்றையும் விட, கல்லைப் பிடித்திருக்கும் தங்கக் கொக்கிகளை வருஷத்துக்கு ஒருமுறை பத்தரிடம் காட்ட வேண்டும். தோட்டைக் காதருகே வைத்து விரலால் தட்டினால், ஆடுகிற கல் 'கிலுக்' என்று சொல்லிவிடும். 2004-ல் இது தெரிந்திருந்தால்!

திருச்சி திரும்பியதும், வேறொரு பத்தர் எதிரிலேயே மணைபோட்டு உட்கார்ந்து, கண்கொட்டாமல் பார்த்து, கல்லைக் கட்டி வாங்கிவந்தேன். செல்போனில் முன்னும் பின்னும் படம் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைச் சந்தேகப் பிராணி என்று நினைத்திருப்பார், நினைக்கட்டும்.

சாயங்காலம் பெண்ணின் காதில் போட்டு, "இதில் ஒரு கல் புதுசு, எது சொல்லு?" என்றேன். கண்ணாடிக்கு முன் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். இடது தோட்டில் ஒன்றைக் காட்டினாள். நான் அவளை உட்காரவைத்து, அவள் எட்டு மாசக் குழந்தையாக என் காதைப் பிடித்து இழுத்த கதையிலிருந்து ஆரம்பித்தேன்.