நிழல் முற்றத்துப் புல்

வேப்பமரத்தின் அடியில் அருகம்புல் பதித்தவர் பலர். அது ஓராண்டு கடந்தும் நிலைக்கக் கண்டவர் சிலர். பதித்த முதல் மாதம் புல் பச்சையாகவே இருக்கும். பெயர்த்துக் கொண்டுவந்த தண்டுகளில் சேமிப்பாக இருந்த உணவு அதனைச் சிறிது காலம் தாங்கும். பிறகு இலைகள் மெலியும். கணுக்களுக்கு இடையிலான தொலைவு கூடும். இடையிடையே மண் தெரியும். நீர் போதவில்லை என்று கருதி வீட்டார் மிகுதியாக நீர் விடுவர். சத்து போதவில்லை என்று கருதி யூரியா தூவுவர். இரண்டும் பயன்படாதபோது பழி மரத்தின்மேல் விழும். அரிவாளும் கயிறுமாக ஆள் வந்து நிற்பார்.

பெரியோர் மணமக்களை வாழ்த்தும்போது ஆலமரத்தையும் அருகையும் ஒருசேர உவமையாக்குவர். ஆல் தழைப்பதும் அருகு வேரூன்றுவதும் நீண்ட வாழ்வுக்கு அடையாளம். ஆலின் அடர்நிழலில் அருகு வேரூன்றாது என்பதை வாழ்த்துவோரும் வாழ்த்தப்படுவோரும் நினைப்பதில்லை. நினைக்காமல் இருப்பதே மங்கலம். அருகு வெட்டவெளியின் புல். வயல்வரப்பிலும் மேய்ச்சல் நிலத்திலும் கடும் வெயிலில் காய்ந்து, ஒரு மழைக்குத் தளிர்ப்பது அதன் இயல்பு. மண்ணுக்கு மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள்ளே ஓடும் தண்டு ஆகிய இரண்டையும் கொண்டு அது பரவுகிறது. அப்பரவலுக்கு வேண்டிய உணவை ஆக்க, நாள்தோறும் ஆறு மணி நேரமேனும் நேர்வெயில் வேண்டும். மரத்தடியில் ஒளியின் அளவு குறைவதோடு அதன் தன்மையும் மாறுகிறது. மேலேயுள்ள இலைகள் சிவப்பு, நீலம் ஆகிய நிறங்களை உறிஞ்சிக்கொண்டு, ஒளிச்சேர்க்கைக்குப் பெரிதும் உதவாத தூரச்சிவப்பைக் கீழே விடுகின்றன. அதனை உணரும் புல், தனக்கு மேல் வேறொரு தாவரம் நிற்பதாகக் கொண்டு, ஒளியைத் தேடித் தண்டை நீட்டுகிறது. உள்ள உணவை நீள்வதற்கே செலவிடுவதால் வேர் ஆழமாக இறங்குவதில்லை. இந்நிலையில் யூரியா இடுவது, பசித்தவனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

வீட்டின் முன் புல்தரை அமைக்கும் வழக்கத்தை இங்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயர். அவர்கள் நாட்டில் 1830ஆம் ஆண்டு எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை அரிவாள் ஆள்களை வைத்து வேலைவாங்க முடிந்த செல்வர் வீடுகளுக்கே உரியதாய் இருந்த புல்தரை, அதன்பின் சிறிய வீடுகளுக்கும் வந்தது. வெயில் அரிதாகக் கிடைக்கும் நாட்டில் திறந்த பசும்வெளி ஓர் இன்பம். தமிழகத்திலோ நிழலே செல்வம். இங்கு முற்றம் என்பது சாணம் தெளித்துப் பெருக்கிக் கோலமிடும் இடம். அங்கே முளைக்கும் புல் களையாகவே எண்ணப்பட்டது. ஆகவே மரநிழலில் புல் வேண்டும் என்போர், எதற்காக வேண்டும் என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. படத்தில் பார்த்த அழகுக்காக என்றால், மரத்தின் அழகே போதும். சில வீடுகளில் உண்மையான தேவையும் உண்டு.

மதுரையின் புறநகரில் வடக்கு நோக்கிய வாசலுடைய ஒரு வீடு. வாசலுக்கு முன் முப்பதடி நீள முற்றம். அதன் மேற்கு ஓரத்தில் முதிர்ந்த வேம்பு. ஐப்பசி மழையில் வழுக்கிய மண்ணில் கால் சறுக்கி விழுந்தார் அவ்வீட்டு மூதாட்டி, மணிக்கட்டு முறிந்தது. மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக மகன் அருகு பதித்தார். மறு ஆண்டில் அது பாதிக்கு மேல் அழிந்தது. முற்றம் முழுவதும் சிமெண்ட் தளம் போடலாம் என்றார் ஒருவர். மரத்தை எடுத்துவிட்டால் புல் தானாக வரும் என்றார் மற்றொருவர். மூதாட்டி மகனிடம், “இந்த நெழலுக்குத்தானய்யா நான் வெளிய வர்றேன். மரத்த எடுத்துட்டா புல்லு எனக்கு எதுக்குய்யா?” என்றார். மரம் வெட்ட வந்தவர் மோர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

அதன்பிறகுதான் முற்றத்தில் எவ்வளவு வெயில் விழுகிறது என்று அவ்வீட்டார் பார்க்கத் தொடங்கினர். மார்கழியில் ஒருநாள், வெயிலின் எல்லையைப் பேத்தி மணிக்கு ஒருமுறை கோலமாவினால் கோடிட்டாள். வீடு தெற்கே இருப்பதால், கதிரவன் தென்புறம் சாய்ந்திருக்கும் அம்மாதத்தில் வீட்டின் நிழலும் முற்றத்தில் விழும். மதுரையில் அப்போது பத்தடிச் சுவரின் நண்பகல் நிழல் ஏறத்தாழ ஆறரை அடி நீளும். அதே சுவர் சித்திரை முதல் ஆவணி வரை நண்பகலில் முற்றத்தின்மேல் நிழலிடுவதில்லை. கதிரவன் தலைக்கு நேராகவோ வடக்கே தள்ளியோ நிற்கிறான். ஆகவே சித்திரையில் மட்டும் பார்த்துப் புல்லைத் தேர்ந்தெடுப்பவர் மார்கழியில் ஏமாறுவர். கோலக்கோடுகள் முற்றத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டின. கிழக்கு ஓரத்தில் ஐந்து மணி நேர வெயில், நடுவில் நான்கு, மரத்தடியில் இலையிடுக்கில் சிந்தும் பொட்டு வெயில் மட்டும். ஆறு மணி நேரம் எங்குமே இல்லை. அருகு தோற்றதன் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

எல்லா மரநிழலும் ஒன்றன்று. வேம்பின் நிழல் சல்லடை போன்றது. மாவின் நிழல் கம்பளி போன்றது. மாமரத்தடியில் எந்தப் புல்லையும் முயலாமல் சருகையே மெத்தையாக விடுவது நல்லது. தூங்குமூஞ்சி மரம் இவற்றுள் விந்தையானது. மாலையிலும் மழைமூட்டத்திலும் அதன் சிற்றிலைகள் மடிந்துகொள்வதால் மழைநீர் தடையின்றிக் கீழே இறங்கும். அவரை இனத்து மரமாதலால் மண்ணில் தழைச்சத்தும் சேரும். அதன் அடியில் புல் பசுமையாக இருப்பதைப் பழைய சாலையோரங்களில் காணலாம்.

நாற்றுப்பண்ணையில் நிழலுக்கான புல் என்று கேட்டால் சில பெயர்களைச் சொல்வர். கொரியன் புல் பட்டுப்போல் அடர்ந்து வளரும். ஓரளவு நிழலையும் பொறுக்கும். ஆனால் மெதுவாகப் பரவும், மேடுமேடாகத் திரளும். மழை வழுக்கலை விரைவில் தடுக்க வேண்டியவருக்கு அது உதவாது. கேரளத்தில் மிகுதியாகக் காணப்படும் அகன்ற இலைக் கார்பெட் புல் நல்ல நிழல்தாங்கி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதனை மாட்டுப்புல் என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். ஈரமும் புளிப்புத்தன்மையும் உள்ள மண் அதற்கு வேண்டும். மதுரைப் பக்கத்துக் காய்ந்த, சுண்ணாம்புத்தன்மை மிக்க மண் ஏற்காது. எஞ்சியது எருமைப்புல். செயின்ட் அகஸ்டின் என்றும் இதற்குப் பெயர் உண்டு. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்கர் எருமைப்புல் என்பது அவர்கள் நாட்டு உலர்ந்த சமவெளிக்குரிய வேறொரு புல்லை. அது நிழலில் மடியும். பெயரை மட்டும் நம்பி அந்நாட்டு விதைப்பொட்டலத்தை வாங்குவோர் காசை இழப்பர். நம் எருமைப்புல் பெரும்பாலும் விதையால் வளர்க்கப்படுவதன்று; வேர்விட்ட தண்டுத் துண்டுகளை நட்டு வளர்க்கப்படுவது. இலை அகலம், தொடுவதற்குச் சொரசொரப்பு. அழகுப்போட்டியில் அது கொரியன் புல்லிடம் தோற்கும். நான்கு மணி நேர வெயிலில் தரையை மூடிவிடும் என்பதே அதன் பெருமை.

அவ்வீட்டில் ஆடி மாதத்தில் அதனை நட்டனர். வேம்பின் தாழ்ந்த கிளைகள் சிலவற்றை மட்டும் கவாத்து செய்ததால், சாய்வெயில் கூடுதலாக உள்ளே வந்தது. மரத்தைச் சுற்றி ஆறடி வட்டத்தில் கொத்தவுமில்லை, மண் கொட்டவுமில்லை. உணவுறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரந்திருப்பதால், அங்கே மண்ணை மேடாக்கினால் வேருக்குக் காற்று கிடைக்காமல் மரம் நலியும். நிழலில் வளரும் புல் மிதிபட்டால் எளிதில் மீளாது. எனவே வாசலிலிருந்து வேம்படி வரை மூதாட்டியின் அடிக்கு அளவாகச் சொரசொரப்பான கற்பலகைகளை இடைவெளி விட்டுப் பதித்தனர். புல்லை மூன்று அங்குல உயரத்துக்குக் கீழே வெட்டுவதில்லை. குறைந்த ஒளியில் அதற்கு நீண்ட இலை வேண்டும். நீர் விடுவது காலையில் மட்டும். இரவெல்லாம் இலை நனைந்திருந்தால் பூஞ்சையால் இலைப்புள்ளி நோய் வரும்.

மாசியில் வேம்பு இலையுதிர்க்கிறது. முற்றத்தில் வெயில் கூடும் காலம் அது. எருமைப்புல் புதிய ஓடுதண்டுகளை வீசும் காலமும் அதுவே. சருகு தொடர்ந்து மூடிக்கிடந்தால் அந்த வெயில் புல்லைச் சேராது. ஆதலால் அம்மாதம் முழுவதும் நாள்தோறும் ஈர்க்குமாற்றால் மெல்லக் கூட்டி, சருகை மரத்தடி வட்டத்திலேயே இடுகின்றனர். அவ்வேலையை மூதாட்டி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.