‘நாம்’ என்பதற்குள் யார்?

தமிழின் தன்மைப் பன்மையில் இரண்டு சொற்கள் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’. அவரை விலக்கிச் சொன்னால் ‘நாங்கள்’. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றுதான். தில்லியில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் பேச்சில் இந்த வேறுபாடு என்னவாகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வின் ஒரு பகுதி. மூன்று ஆண்டுகளாக இச்சொற்களைப் பதிவு செய்து எண்ணிவரும் எனக்கு, அவற்றின் கனத்தை உணர்த்தியவர் ஓர் அக்கா.

தென் தில்லியில் நான் செல்லும் தமிழ்ச் சபையில் மத்திய அரசு அலுவலர்கள், வங்கி அதிகாரிகள், செவிலியர், மாணவர்கள் எனப் பலரும் கூடுவர். ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலை ஒட்டி இருந்த மதராசி முகாமிலிருந்தும் சில குடும்பங்கள் வந்துகொண்டிருந்தன. அக்குடும்பங்களின் பெண்கள் பெரும்பாலும் சுற்றுவட்டார வீடுகளில் சமையலும் துப்புரவும் செய்பவர்கள். எங்கள் சபையில் யாருக்கும் தனி இருக்கை கிடையாது. ஆயினும் அவர்கள் கடைசி இரண்டு வரிசைகளிலேயே அமர்வார்கள். ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும் வேளையில், ஐம்பது வயதைக் கடந்த அக்காவை முப்பத்தைந்து வயதுக்காரர் ‘நீ’ என்பார். அக்கா அவரை ‘மேடம்’ என்பார். வார நாட்களில் அந்த ‘மேடம்’ வீட்டில்தான் அக்கா பாத்திரம் துலக்கினார். ஞாயிற்றுக்கிழமை அந்த உறவில் எதையும் மாற்றவில்லை.

நானும் விலக்கல்லன். அக்காவின் பிள்ளைகளுடைய பேச்சைப் பதிவு செய்ய அவர் வீட்டுக்கு நான்கு முறை சென்றிருக்கிறேன். என் குறிப்பேட்டில் அவருக்குப் பெயரில்லை, எண் மட்டுமே. ஒவ்வொரு முறையும் அவர் தேநீர் போட எழுந்தார். ஒவ்வொரு முறையும் நேரமில்லை என்று மறுத்தேன். அவருக்குச் செலவு வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். அதை அப்போது நாகரிகம் என்றே கருதினேன்.

2025 ஜூன் 1 அன்று, உயர் நீதிமன்ற உத்தரவின்படி முகாம் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 வீடுகள். 189 குடும்பங்களே மாற்று வீடு பெறத் தகுதியுடையவை என்று அறிவிக்கப்பட்டன. அந்த வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில். பெண்கள் வேலை செய்த வீடுகளும் பிள்ளைகள் படித்த தமிழ்ப் பள்ளியும் தெற்கே தங்கிவிட்டன.

அடுத்த ஞாயிறன்று ஆராதனையில் ஓர் அறிவிப்பு வந்தது: வீடிழந்த ஏழைகளுக்கு நாம் உதவ வேண்டும். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இலக்கணப்படி அந்த ‘நாம்’ அவரையும் உள்ளடக்கியது. ஆனால் உதவும் ‘நாம்’ ஒரு பக்கமும், உதவி பெறும் ‘ஏழைகள்’ மறுபக்கமும் நின்றபோது, அவர் எந்தப் பக்கம் என்பதில் அங்கிருந்த எவருக்கும் ஐயமில்லை.

ஆலய வளாகத்தில் மேசை போட்டு அரிசியும் பாத்திரங்களும் வழங்கினோம். பெயர் எழுதிய இருவரில் நானும் ஒருவன். அதன்பின் அக்கா ஆராதனைக்கு வரவில்லை. தூரம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். செப்டம்பரில் நான் நரேலாவுக்குச் சென்றேன். மஞ்சள் வழித்தட மெட்ரோவில் சமய்ப்பூர் பாத்லி வரை, பிறகு பேருந்து. இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்:

“தூரம்தான் தம்பி, இல்லைன்னு சொல்லல. ஆனா பதினெட்டு வருசமா அங்க காணிக்கை போட்டிருக்கேன். பேர் எழுதும்போது உங்க பக்கத்துல இருந்தவரு, ‘நீ எந்தச் சபை?’ன்னு கேட்டாரு. நீங்களும் குனிஞ்சு எழுதிக்கிட்டுதான இருந்தீங்க.”

மறுமொழி சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அன்று அவர் போட்ட தேநீரைக் குடித்தேன்.

இது புதிய நோய் அன்று. கொரிந்து சபையில் சிலர் முன்னதாகவே உண்டு நிறைய, வேறு சிலர் பசியோடிருந்ததைப் பவுல் கடிந்துகொள்கிறார். புதிய ஏற்பாட்டு ஆய்வாளர் கெர்ட் தைசன் அப்பூசலைக் கொள்கைச் சண்டையாகப் பார்க்கவில்லை. வசதியுள்ளோர்க்கும் இல்லாதோர்க்கும் இடையிலான சமூகப் பிளவாகவே விளக்கினார். அந்த விளக்கத்தைப் பின்னர் மறுத்தவர்களும் உண்டு. ஆனால் பவுலின் கண்டிப்பில் ஒன்று தெளிவு: அவர் ஏழைகளுக்குத் தனியாக உணவு கொடுத்தனுப்பச் சொல்லவில்லை; ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து சேர்ந்து உண்ணச் சொல்கிறார்.

எங்கள் சபையில் வீட்டு ஜெபக்கூட்டம் மாதம் ஒரு வீட்டில் நடக்கும். நான் அறிந்த காலத்தில் முகாமில் ஒருமுறையும் நடந்ததில்லை. நரேலாவில் வைக்கலாமா என்று குழுவில் கேட்டபோது இரண்டு தடைகள் எழுந்தன. ஒன்று தூரம். மற்றொன்று, “பாவம், அவர்களுக்கு ஏன் செலவு வைக்க வேண்டும்?” நான் தேநீரை மறுத்த அதே காரணம். பிறரை வீட்டுக்கு அழைத்து உபசரிக்கும் தகுதியை ஒருவரிடமிருந்து கனிவாகவே பறித்துவிட முடியும் என்பது அன்று எனக்குப் புரிந்தது.

நவம்பரில் பதினொரு பேர் சென்றோம். அக்கா வேலை பார்த்த வீட்டின் ‘மேடம்’ அவர்களும் வந்தார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருந்தன. அவற்றில் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் பாயில் அமர்ந்தோம். தேநீர் குடித்த தம்ளர்களைக் கழுவ எழுந்த மேடத்தை, “நீங்க உட்காருங்க, இது என் வீடு” என்று அக்கா அமர்த்தினார். அதற்கு மேடம் சொன்ன பதிலில் ஒரு ‘நீங்க’ வந்தது. புறப்படும்போது மறுபடி ‘நீ’ ஆகிவிட்டது. இரண்டையும் கவனித்தேன், தொழிற்பழக்கம்.

முடிவில் அக்கா ஜெபித்தார். இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசும்போது தமிழில் ‘எங்கள்’ என்றே வரும், ஏனெனில் கேட்பவர் அந்தப் பன்மைக்குள் இல்லை. இலக்கணம் அதை விலக்கும் பன்மை என்கிறது. ஆனால் அக்காவின் ‘எங்களை’ என்ற சொல்லில் இறைவன் மட்டுமே வெளியே இருந்தார். அந்த அறையிலிருந்த அத்தனை பேரும் உள்ளே இருந்தோம்.

எதுவும் தீர்ந்துவிடவில்லை. அக்காவுக்கு நிரந்தர வேலை இன்னும் அமையவில்லை. மகன் விடியலில் எழுந்து பள்ளிக்குப் புறப்படுகிறான். நிவாரணமும் வேண்டும், வழக்கும் வேண்டும், பேருந்தும் வேண்டும். இவற்றுக்கு ஒரு கோப்பைத் தேநீர் மாற்றாகாது. ஆனால் அடுத்த முறை பட்டியல் எழுத மேசை போட்டால், அதன் பின்னால் நரேலாவிலிருந்து ஒருவர் அமர்வார் என்று குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. யாரை அமர்த்துவது என்று கேட்டபோது நான் சொன்னது அக்காவின் பெயரை. என் குறிப்பேட்டில் இல்லாத அந்தப் பெயரை, குழுவின் குறிப்பேட்டில் நானே எழுதினேன்.