போகாதவரின் பாட்டு

1985 செப்டம்பர் 30. லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் அரங்கம். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் உடனே பாடத் தொடங்கவில்லை, பேசுகிறார். அந்த ராத்திரியின் ஒலிப்பதிவில் எனக்குப் பாட்டைவிட இந்தப் பேச்சு முக்கியம்.

அவர் சொல்வது வியட்நாம் போர்க் காலத்துக் கதை. அவருக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. தோள்வரை முடி. அப்பாவுக்கு அதைக் கண்டாலே ஆகாது. பட்டாளத்தில் பிடித்துக்கொண்டு போனால்தான் உனக்குப் புத்தி வரும் என்பார். ஒருநாள் பட்டாளத்திலிருந்து உண்மையாகவே கடிதம் வருகிறது. வீட்டில் காட்டாமல் ஒளித்துவைக்கிறார். சிநேகிதர்களோடு ராத்திரியெல்லாம் கண்விழித்துவிட்டு, பயந்து நடுங்கியபடி பஸ் ஏறுகிறார். உடல் தகுதிச் சோதனையில் தேறவில்லை.

இந்த இடத்தில் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. இதில் கைதட்ட ஒன்றுமில்லை என்கிறார் அவர். குரலில் கோபமில்லை. ஆயிரக்கணக்கானவர்கள் சட்டென்று அடங்குவது பதிவில் கேட்கிறது. பிறகு வீட்டு அடுக்களை, உட்கார்ந்திருக்கும் அப்பா, எங்கே போனாய் என்ற கேள்வி. என்னை எடுத்துக்கொள்ளவில்லை என்று மகன் சொல்கிறான். நல்லது என்கிறார் அப்பா. அந்த ஒரு சொல்லோடு பேச்சு முடிகிறது, பாட்டு தொடங்குகிறது.

கைதட்ட ஏன் ஒன்றுமில்லை? அவருடைய முதல் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்த பார்ட் ஹேய்ன்ஸ் மரைன் சீருடையோடு வீட்டுக்கு வந்து, வியட்நாம் போகிறேன் என்றானாம். அது எந்தத் திசையில் இருக்கிறதென்றுகூட அவனுக்குத் தெரியாதாம். 1967 அக்டோபரில் குவாங் ட்ரியில் செத்துப்போனான். நியூ ஜெர்சிக் கடற்கரை ஊர்ப் பையன்களெல்லாம் வாய்பிளந்து பார்த்த பாடகன் வால்டர் சிக்கான் 1968 மார்ச்சில் போர்க்களத்தில் காணாமல் போனான். தனக்குப் பதிலாக வேறு யாரோ ஒருவன் போயிருப்பானே, அவன் யார் என்ற கேள்வியை ஸ்பிரிங்ஸ்டீன் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய போர்ப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

அதனால்தானோ என்னவோ, அவற்றில் துப்பாக்கிச் சத்தம் குறைவு. தாம் நிற்காத களத்தில் நின்றதாக அவர் பாவனை செய்வதில்லை. திரும்பி வந்தவனின் தெருவில் போய் நிற்கிறார். 'ஷட் அவுட் தி லைட்' பாட்டில் ஒருத்தி அலங்கரித்துக்கொண்டு காத்திருக்கிறாள். உறவினர் எல்லாம் கூடி வரவேற்கிறார்கள். ராத்திரி அவன் இருட்டைக் கண்டு குழந்தைபோல் நடுங்குகிறான். 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ'யில் வருகிறவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்டுப் போகிறான், கிடைக்கவில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான அலுவலகத்துக்குப் போகிறான், அங்கேயும் கை விரிக்கிறார்கள். கே சானில் செத்துப்போன அண்ணன், அவன் நேசித்த சைகோன் பெண், ஒரே ஒரு புகைப்படம். அண்ணனைப் பற்றி அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு வரி கிடையாது. அந்தச் சிக்கனத்துக்காகவே அவரைக் கும்பிடத் தோன்றும்.

இந்தப் பாட்டுகள் வெளிவருவதற்கு மூன்று வருஷம் முன்னால், 1981 ஆகஸ்ட் 20 அன்று, அதே லாஸ் ஏஞ்சலஸில் அவர் வேறொரு மேடையில் நின்றார். வியட்நாமிலிருந்து திரும்பியவர்களின் சங்கம் அப்போது பணமில்லாமல் முடங்கிக் கிடந்தது. அதற்கு நிதி திரட்டும் கச்சேரி. மேடையை ஒட்டித் தனியாக ஒரு தளம் கட்டியிருந்தார்கள். அதில் சக்கர நாற்காலிகள், ஊன்றுகோல்கள், கால் இல்லாதவர்கள், கை இல்லாதவர்கள். சங்கத் தலைவர் பாபி முல்லரும் சக்கர நாற்காலியில்தான் வந்தார், தண்டுவடத்தில் குண்டு பாய்ந்தவர். போகாதவர் பாடினார், போய் வந்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். இதைவிடக் கடினமான சபை எந்தப் பாடகனுக்கும் வாய்த்திருக்காது.

1984 செப்டம்பரில் அதிபர் ரீகன், நியூ ஜெர்சியின் ஹேமன்டன் ஊரில் தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்தபோது இவருடைய பாட்டுகளில் நம்பிக்கைச் செய்தி இருப்பதாகப் புகழ்ந்தார். 'பார்ன் இன் தி யுஎஸ்ஏ' பல்லவியின் முழக்கம் அப்படி. முஷ்டியை உயர்த்திக் கூடவே கத்தத் தோன்றும். கொடி அசைத்துக் கத்தியவர்களுக்குச் சரணங்கள் காதில் ஏறவில்லை. குற்றம் கேட்டவர்களுடையது மட்டுமல்ல, அந்த மெட்டும் அவ்வளவு பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1995இல் அவர் தனியாகக் கிளம்பினார். குழு இல்லை, டிரம்ஸ் இல்லை. கம்பிகளின் மேல் குழலை இழுத்து வாசிக்கும் கிட்டார் ஒன்று. ஊர் ஊராக அதே பாட்டு. உலகமே கூடக் கத்திய அந்தப் பல்லவியை ஏறக்குறைய ஒதுக்கிவிட்டு, சரணங்களை மட்டும் முனகலும் உறுமலுமாகப் பாடினார். ஆலை வாசல், அரசு அலுவலகம், கே சான், புகைப்படம். இம்முறை ஒவ்வொரு சொல்லும் கேட்டது.