உரம் விழுந்த குழந்தையும் டல்லாஸ் கைரோப்ராக்டரும்

உரம்னு தலைப்புல பார்த்துட்டு யூரியா, பொட்டாஷ் விலை பத்தின பதிவுன்னு உள்ள வந்த விவசாய நண்பர்கள் மன்னிக்கணும். இது வேற உரம். பொறந்து முப்பது, நாப்பது நாள் ஆன கைக்குழந்தை திடீர்னு வீல்வீல்னு கத்தும். பால் குடிக்காது. கழுத்துப் பக்கம் கை வெச்சா இன்னும் கத்தும். உடனே வீட்டுப் பெரியவங்க சொல்ற தீர்ப்பு, "புள்ளைக்கு உரம் விழுந்திருக்கு".

அதை எடுக்குற முறை ரொம்ப எளிமை. பழைய பருத்திப் புடவையிலயோ வேட்டியிலயோ குழந்தையைப் படுக்க வெச்சு, ரெண்டு பேர் நாலு முனையையும் பிடிச்சுக்கிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவா உருட்டுவாங்க. சில வீடுகள்ல முறத்துல போட்டு உருட்டுவாங்க. திருவண்ணாமலையில எங்க தெருவுக்கே உரம் எடுக்குறவங்க எங்க ஆயா (அம்மாவோட அம்மா). ஃபீஸ் கிடையாது. வெத்தலை பாக்கு கொடுத்தா வாங்கிப்பாங்க, அவ்ளோதான்.

போன வருஷம் டல்லாஸ்ல இருக்குற அக்காவுக்குப் பையன் பொறந்தான். அஞ்சாவது வாரத்துல இருந்து சாயங்காலம் ஆனா ஒரே அழுகை. பக்கத்து வீட்டு அம்மா, "எங்க பசங்களைப் பொறந்த வாரத்துல இருந்தே கைரோப்ராக்டர்கிட்டதான் கூட்டிட்டுப் போறோம், முதுகெலும்பை சரி பண்ணினா அழுகை நின்னுடும்"னு ஒரு அட்டையைக் கொடுத்திருக்காங்க. அக்கா வீடியோ கால்ல என்கிட்ட, "டேய், நீதான் எல்லாத்தையும் நோண்டிப் படிப்பியே, இதையும் பார்த்துச் சொல்லு"ன்னா. பக்கத்துல உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சிட்டிருந்த ஆயா தலையை நிமிர்த்திக் கேட்டாங்க.

"அங்கயும் உரம் எடுக்குறாங்களாடா? எவ்ளோ வாங்குறான்?"

தொகையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் கீரை ஆயறதே நின்னுபோச்சு :-)

சரி, மேட்டருக்கு வருவோம். ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வாரம் முழுக்க இதைத்தான் படிச்சேன். கைரோப்ராக்டிக் ஆரம்பிச்சது 1895-ல, அமெரிக்காவுல அயோவா மாகாணத்து டேவன்போர்ட்ல. டி.டி. பால்மர்னு ஒருத்தர். காந்த சிகிச்சை பண்ணிட்டிருந்தவர். காது சரியா கேக்காத ஹார்வி லில்லார்டுங்கிற துப்புரவுப் பணியாளரோட முதுகுல ஒரு எலும்பை அழுத்தினதும் காது கேட்டுச்சுன்னு சொல்லி, 'பெரும்பாலான வியாதிக்கு மூலம் முதுகெலும்பு விலகுறதுதான்'னு ஒரு கொள்கையையே கட்டினார். பெரியவங்க இடுப்பு வலிக்கு இந்த வைத்தியம் ஓரளவு உதவுதுன்னு ஆய்வுகள் இருக்கு. ஆனா குழந்தைங்க விஷயம் அப்படி இல்ல. வயசு வயசா பார்த்தாத்தான் புரியுது.

கைக்குழந்தை:

குழந்தைங்க அழுகை ஆறு வாரம் வாக்குல உச்சத்துக்குப் போய், மூணு நாலு மாசத்துல தானா அடங்கும். அப்போ உச்சத்துல இருக்கும்போது யார்கிட்ட தூக்கிட்டுப் போனாலும் அவங்களுக்குப் பேர்தான். எங்க ஆபீஸ்ல சில பக் யாரும் தொடாமலே மறைஞ்சிடும். கடைசியா அந்த ஃபைலைத் திறந்தவன் 'நான்தான் ஃபிக்ஸ் பண்ணேன்'னு மெயில் அனுப்புவான். அதே கதை. கைக்குழந்தை அழுகைக்குக் கைவைத்தியம் உதவுதான்னு 2012-ல காக்ரேன் ஆய்வு பார்த்துச்சு. ஆறு பரிசோதனை, 325 குழந்தைங்க. அழுகை நேரம் குறைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும், நம்பி முடிவெடுக்கற அளவுக்கு ஆதாரம் போதாதுன்னு முடிச்சாங்க.

ஆஸ்திரேலியாவுல ரெண்டு வாரக் குழந்தைக்கு முதுகெலும்பு 'சரி பண்ற' வீடியோ ஒண்ணு பெரிய சர்ச்சையாகி, 2019 மார்ச்சுல அந்த நாட்டு கைரோப்ராக்டிக் வாரியமே ரெண்டு வயசுக்குக் கீழ முதுகெலும்பைக் கையால திருகி அழுத்தக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. 2023 கடைசியில அதைத் தளர்த்தினாங்க. சுகாதார அமைச்சர்கள் சத்தம் போட்டதும் 2024 ஜூன்ல திரும்பக் கொண்டுவந்தாங்க. நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். விக்டோரியா மாகாணம் 2019-ல பண்ண ஆய்வுல பெரிய பாதிப்புக்கான ஆதாரமும் கொஞ்சம்தான், பலனுக்கான ஆதாரமும் கொஞ்சம்தான்.

அப்ப பயம் எங்க இருக்கு? 2007-ல பீடியாட்ரிக்ஸ் இதழ்ல அதுவரைக்கும் பதிவான பாதிப்புகளைத் தொகுத்திருந்தாங்க. நேரடி பாதிப்பு 14 பேர், அதுல 9 பேருக்குக் கடுமை. ஆனா என்னை உலுக்கினது அடுத்த எண். இன்னும் 20 குழந்தைங்களுக்கு, உள்ள சர்க்கரை நோய், புற்றுக்கட்டி மாதிரி வேற வியாதி இருக்க, இங்க முதுகைப் பார்த்துட்டிருந்ததுல சரியான வைத்தியம் தாமதமாச்சு. கை பண்ற கெடுதலைவிட, போற நாள் பண்ற கெடுதல் அதிகம்.

ஒண்ணுலேர்ந்து நாலு வயசு:

இங்கதான் எங்க ஊர் வருது. பௌர்ணமி கிரிவலம் பார்த்திருப்பீங்க. 14 கிலோமீட்டர், லட்சக்கணக்குல கூட்டம். குழந்தை தொலைஞ்சிடுமோன்னு ஒரு கையைப் பிடிச்சு வெடுக்குனு இழுப்பாங்க. அடுத்த நிமிஷம் குழந்தை அந்தக் கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு அழும். வீக்கம் இருக்காது. முழங்கையில ஆரை எலும்பைச் சுத்தி இருக்குற வளையம் மாதிரியான தசைநார் வழுக்கி இடையில மாட்டிக்கிச்சுன்னு அர்த்தம். தெரிஞ்ச டாக்டர் முன்கையை ஒரு திருப்பு திருப்புவார். சின்னதா ஒரு 'டிக்'. கொஞ்ச நேரத்துல குழந்தை அதே கையால முறுக்கு வாங்கித் தின்னும். ஊர்ல சுளுக்கு எடுக்குறவங்களுக்கு இருக்குற புகழ்ல பாதி இந்த ஒரு 'டிக்'ல வந்ததா இருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம். உண்மையிலேயே எலும்பு விலகி, உண்மையிலேயே கையால சரியாகுற இடம் இது.

பள்ளிக்கூடப் பசங்க:

இதை எழுதத்தான் இந்தப் பதிவே. எங்க தெருவுல எட்டு வயசுப் பையன் ஒருத்தன் புளிய மரத்துல இருந்து கையை ஊன்றி விழுந்தான். முழங்கை வீங்கிடுச்சு. வீட்டுல ஒரு நாட்டுக் கட்டு போடுறவர்கிட்ட தூக்கிட்டுப் போனாங்க (பேரும் ஊரும் வேண்டாம்). எக்ஸ்ரே இல்ல. உருவிவிட்டு, மூங்கில் பத்தை வெச்சு இறுக்கிக் கட்டி அனுப்பிட்டார். ராத்திரி எல்லாம் பையன் அழுதான். 'கட்டு போட்டா வலிக்கத்தான் செய்யும்'னு சமாதானம். மூணாம் நாள் விரல் நீலமாயிடுச்சு.

இந்த வயசுல கையை ஊன்றி விழுந்தா முழங்கைக்கு மேல எலும்பு முறியறது ரொம்ப சகஜம். அங்கதான் கைக்குப் போற முக்கிய ரத்தக்குழாய் ஓடுது. வீக்கத்து மேல இறுக்கிக் கட்டினா ரத்தம் தடைப்படும், சில மணி நேரத்துலயே தசை சாக ஆரம்பிக்கும். அப்புறம் விரல் மடங்கினது மடங்கினபடி நின்னுடும். வோல்க்மன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் 1881-லயே இதை எழுதி வெச்சிருக்கார். அந்தப் பையனுக்கு ரெண்டு ஆபரேஷன் ஆச்சு. இப்ப இடது கையால எழுதப் பழகிட்டான். எழுத்து அழகாவே இருக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

வளர்ற வயசு:

பத்து வயசுக்கு மேல, முக்கியமா பொம்பளப் புள்ளைங்களுக்கு, முதுகெலும்பு பக்கவாட்டுல வளையறது உண்டு. புள்ளையை முன்னாடி குனியச் சொல்லிப் பின்னாடி நின்னு பாருங்க. ஒரு பக்க விலா தூக்கிட்டு இருந்தா எலும்பு டாக்டர்கிட்ட காட்டணும். வளைவு மிதமா இருக்கும்போதே பெல்ட் போட்டா ஆபரேஷன் அளவுக்குப் போகாம தடுக்கும்னு 2013-ல ஒரு பெரிய ஆய்வு காட்டிச்சு. பெல்ட் போட்டவங்கள்ல 72 சதவீதம் பேர் தப்பிச்சாங்க, போடாதவங்கள்ல 48 சதவீதம். திருகி நிமித்துறதுக்கு அப்படி ஒரு ஆதாரம் இல்ல. எலும்பு வளர்ந்து முடிஞ்சிட்டா பெல்ட்டும் பயன்படாது.

இதையெல்லாம் அக்காகிட்ட சொன்னேன். அவ குழந்தைங்க டாக்டர்கிட்ட காட்டினா. எடை ஒழுங்கா ஏறுது, காய்ச்சல் இல்ல, பயப்பட ஒண்ணுமில்லன்னுட்டார். மூணாவது மாசம் அழுகை அடங்கிச்சு. அந்த அட்டை இன்னும் ஃபிரிட்ஜ் மேல ஒட்டியிருக்காம்.

ஆயாகிட்ட நேராவே கேட்டேன், "ஆயா, உண்மையில உரம்னு ஒண்ணு இருக்கா?"

"எனக்கு என்னடா தெரியும். எங்கம்மா உருட்டினாங்க, நானும் உருட்டுறேன். பெத்தவ ராத்திரி பூரா தூங்கியிருக்க மாட்டா. நான் வாங்கி வெச்சிருக்குற நேரம் அவ கண்ணை மூடுவா இல்ல?"

"அந்தப் பையனை உங்ககிட்ட கொண்டு வந்திருந்தா?"

"வீங்குன கையை நான் தொடவே மாட்டேன். காய்ச்சல் அடிச்சாலும் தொடமாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குப் போன்னுதான் சொல்லுவேன்."

புடவையில மெல்ல உருட்டுறதை நான் எதிர்க்கல. கழுத்தைத் திருகினாலோ, காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தொங்கவிட்டாலோ குழந்தையை வாங்கிட்டு வந்துடுங்க. காய்ச்சல், பால் குடிக்காம சோர்ந்து கிடக்குறது, அடிபட்ட வீக்கம் இதெல்லாம் இருந்தா ஆஸ்பத்திரிதான். கட்டு போட்ட பிறகு விரல் நீலமானாலோ, சில்லிட்டாலோ, விரலை நீட்டினா உயிர் போற மாதிரி வலிச்சாலோ, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அந்த ராத்திரியே கட்டைப் பிரிக்கணும்.

உங்க ஊர்ல உரத்தை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, எப்படி எடுப்பாங்க? பின்னூட்டத்துல சொல்லுங்க. ஆயாவுக்குப் படிச்சுக் காட்டணும்.