கள்ளக்கடல்

கடலுக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கோடை விடுமுறை வந்தால் நம் ஊர் முறுக்குப் பொட்டலத்தோடு கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் வேன் ஏறுகிறோமே, அந்தச் சம்பந்தம்தான்.

மேகத்தையும் காற்றையும் பார்த்து மழையைச் சொல்லிப் பழகியவர்கள் நாம். கடலில் அந்தக் கணக்கு எடுபடாத நாளும் உண்டு. காற்று இருக்காது, வானம் வெளுத்திருக்கும். அலை மட்டும் திடீரென எழும்பிக் கரையேறும். சொல்லாமல் வருவதால் கேரள மீனவர்கள் அதைக் ‘கள்ளக்கடல்’ என்றார்கள். 2012-இல் யுனெஸ்கோவும் அந்தப் பெயரையே ஏற்றுக்கொண்டது.

சுனாமி பெரும்பாலும் பூகம்பத்தால் வரும். இதைக் கொண்டு வருவது வானிலை. தெற்கே வெகு தொலைவில் புயல் அடிக்கும்; அங்கே கிளம்பும் நீண்ட அலைகள் பல நாள் ஓடி நம் கரையைத் தொடும். 2024 மார்ச் 31-ஆம் தேதி கேரளக் கடலோர வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்குக் காரணமான காற்றழுத்தத் தாழ்வு மார்ச் 23-இல், சுமார் 10,000 கிலோமீட்டருக்கு அப்பால், தெற்கு அட்லாண்டிக்கில் உருவானதாக ஐதராபாத்தின் ‘இன்காய்ஸ்’ கடல் தகவல் மையம் விளக்கியது.

அலை வந்துசேர நாள் ஆவதால் முன்கூட்டியே சொல்லிவிட முடிகிறது. 2020 முதல் அந்த மையம் இதற்கென்றே முன்னறிவிப்பு தருகிறது.

அப்படியும் 2024 மே 6-இல், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில், திருச்சியில் படித்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோய்விட்டது. கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

கடலோரத்தில் இருப்பவருக்கு எச்சரிக்கை காதில் விழும். உள்நாட்டிலிருந்து போகிற நமக்கு யார் சொல்வது? போன மே மாதம் எங்கள் தெரு வேன் கிளம்பும்போது இதைச் சொன்னேன். “வெயில் இப்படிக் காயுதுங்க தாத்தா, அலை எங்கிருந்து வரும்?” என்றான் ஒரு பையன். அவன் கேட்டதில் தப்பில்லை. நமக்குத் தெரிந்த தண்ணீர் கிணறும் ஏரியும்தானே.

ஆகவே, புறப்படும் முன் செய்தியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு 1070-இல் பேசுங்கள். காலை நனைக்கும் முன், கரையில் வலை சீராக்கும் ஒருவரிடம், “இன்னைக்குக் கடல் எப்படிங்கண்ணா?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். கோயிலைப் பார்த்துவிட்டு வரலாம். கடல் எங்கேயும் போய்விடாது.